மின்மினி சொல்லும் வயிற்றுக் கதை



கோலசிலாங்கூர் வட்டாரத்து மக்களுக்குக் கம்போங் குவாந்தானைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொழுது சாய்ந்ததும் சம்பானில் ஏறி உட்கார்ந்து சிலாங்கூர் ஆற்றில் போனால், கரையோரத்துப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒன்றுபோல் மினுங்கி ஒன்றுபோல் அணையும். ஒரு வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை! மலாய்க்காரர்கள் 'கெலிப் கெலிப்' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? வெளியூரிலிருந்து உறவினர்கள் வந்தால் நாம் பெருமையோடு கூட்டிச் சென்று காட்டும் காட்சி அது.

"உடல்நலம் எழுதுகிறேன் என்று மின்மினிக் கதை சொல்கிறாரே!" என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த மின்மினியின் வாலில் விளக்கை ஏற்றுகிற அதே பொருள்தான், நேற்று இரவு நீங்கள் சாப்பிட்ட சோற்றையும் மீன்கறியையும் உங்கள் குடலில் நகர்த்திக்கொண்டிருக்கிறது. இது என் கற்பனையன்று. விஞ்ஞானிகள் கண்டறிந்த உண்மை. அந்தப் பொருளின் பெயர் நைட்ரிக் ஆக்சைடு. அது ஒரு வாயு. மோட்டார் சைக்கிள் புகையில்கூட இது உண்டு. புகையில் வந்தால் கெடுதல். உடலுக்குள் அளவோடு பிறந்தால் உயிர்காப்பு!

முதலில் மின்மினியைப் பார்ப்போம். மின்மினி ஒளிர வேண்டுமானால் அதன் வாலிலுள்ள ஒளிச் செல்களுக்குப் பிராணவாயு போய்ச் சேர வேண்டும். சாதாரண நேரத்தில், அந்தச் செல்களின் ஓரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு 'அடுப்புகள்' வருகிற பிராணவாயுவையெல்லாம் தாங்களே எரித்துவிடுகின்றன. உள்ளே விளக்குக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. மின்மினி ஒளிர நினைத்ததும் அதன் நரம்பு முனையிலிருந்து ஆக்டோபமைன் என்ற தூதுப் பொருள் சுரக்கிறது. அந்தத் தூது பக்கத்துச் செல்களைத் தட்டி நைட்ரிக் ஆக்சைடைச் செய்ய வைக்கிறது. அந்த வாயு பரவியதும் ஓரத்து அடுப்புகள் ஒரு கணம் அடங்குகின்றன. பிராணவாயு தங்குதடையின்றி உள்ளே போகிறது, விளக்கு பளிச்சிடுகிறது! வாயு மறைந்ததும் விளக்கும் அணைகிறது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கண்டு எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்தது அந்நாட்டு மின்மினிகளை. ஆனாலும் நம் ஆற்றங்கரை மின்மினியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இதில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நரம்பு தூது அனுப்புகிறது, தூது வந்த பிறகே வாயு பிறக்கிறது. இப்போது நம் வயிற்றுக்கு வருவோம்.

குடலுக்குள் ஒரு தனி மூளை

நம் குடல் வெறும் குழாய் அல்ல. அதன் சுவரில் இரண்டு அடுக்காக நரம்பு வலைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை மைஸ்னர் என்ற ஜெர்மானியர் 1857இல் விளக்கி எழுதினார். மற்றொன்றை அடுத்த சில ஆண்டுகளில் அவர்பாக் என்பவர் கண்டறிந்தார். இந்த வலைகளில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள் இருக்கின்றன. இதனால்தான் மருத்துவர்கள் குடலை 'இரண்டாவது மூளை' என்கிறார்கள்.

1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் நாயின் குடலை ஆராய்ந்தார்கள். குடலில் ஓர் இடத்தில் உணவு உருண்டை நின்றால், அதற்குப் பின்பக்கம் குடல் சுருங்குகிறது, முன்பக்கம் தளர்கிறது. மூளையிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்துவிட்ட பிறகும் இது நின்றபாடில்லை! 'பின்னால் தள்ளு, முன்னால் விடு' என்ற இந்தச் சட்டத்தைக் குடல் தானாகவே நடத்துகிறது என்று தெரிந்தது.

செம்மண் சாலையில் சகதியில் மாட்டிய செம்பனை லாரியைத் தள்ளிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். பின்னால் நாலு பேர் மூச்சைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். ஆனால் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. லாரி நகருமா? நகராது! தள்ளுவது எவ்வளவு முக்கியமோ, பிரேக்கை விடுவதும் அவ்வளவு முக்கியம்.

குடலில் பின்னாலிருந்து தள்ளச் சொல்லும் தூதுப் பொருளின் பெயர் அசிடைல்கோலின். இதை விஞ்ஞானிகள் வெகு நாளாக அறிந்திருந்தார்கள். ஆனால் முன்னால் பிரேக்கை விடச் சொல்வது யார்? அது மட்டும் நெடுநாள் புதிராகவே இருந்தது. கடைசியில் 1990ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் நகரத்து ஆய்வாளர்கள், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தை ஆராய்ந்து, தளரச் சொல்வது நைட்ரிக் ஆக்சைடுதான் என்று காட்டினார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், இரத்தக் குழாயைத் தளர்த்துவதும் இதே வாயு என்று அமெரிக்காவில் கண்டிருந்தார்கள். ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் அதற்காக 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

ரொட்டி சானாய் கடையைப் போல

மற்றத் தூதுப் பொருள்களை நரம்பு முனை சிறு பைகளில் கட்டி, தயாராக வைத்திருக்கும். நைட்ரிக் ஆக்சைடை அப்படிச் சேமிக்க முடியாது. அது வாயு, பையில் நிற்காது. பிறந்தால் சில வினாடிகளே உயிர் வாழும். ஆகவே கேட்டவுடன் அந்த இடத்திலேயே செய்து கொடுக்க வேண்டும். ரொட்டி சானாய் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு உருட்டி வைத்திருக்கிறது. கல் சூடாக இருக்கிறது. ஆனால் ஆர்டர் வந்த பிறகுதான் ரொட்டி தட்டுகிறார்கள்.

இங்கே மாவு என்பது அர்ஜினின் என்ற புரதச் சத்து. கச்சான், பருப்பு, மீன், கோழி எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ரொட்டி தட்டுகிறவர் ஒரு நொதி. ஆர்டர் எப்படி வருகிறது? படிப்படியாகப் பாருங்கள்.

உணவு குடலுக்குள் வந்து சுவரை அழுத்துகிறது. சுவரின் உட்புறத்திலுள்ள காவல் செல்கள் செரோட்டோனின் என்ற தூதைச் சுரக்கின்றன. நம் உடலிலுள்ள செரோட்டோனினில் 100க்கு 90 பங்குக்கும் மேல் இருப்பது வயிற்றில்தான்! அந்தத் தூது உணர்வு நரம்பை எழுப்புகிறது. அந்த நரம்பு இரண்டு பக்கமும் செய்தி அனுப்புகிறது. பின்பக்கம் போன செய்தி அசிடைல்கோலினாகத் தசையில் விழுந்து, 'சுருங்கு' என்கிறது. முன்பக்கம் போன செய்தியும் வழியில் அசிடைல்கோலினாகவே போகிறது. ஆனால் அது விழுவது தசையில் அல்ல, இன்னொரு நரம்புச் செல்லில். அந்தச் செல்லின் கதவு திறக்கிறது. சுண்ணாம்புச் சத்தான கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் பட்டதும் தூங்கிக்கொண்டிருந்த நொதி விழித்து, அர்ஜினினைக் கொண்டு நைட்ரிக் ஆக்சைடைச் செய்கிறது. வாயு பக்கத்துத் தசைக்குள் ஊடுருவி, 'தளர்ந்து வழி விடு' என்கிறது. வேலை முடிந்ததும் கால்சியம் வெளியேறுகிறது, நொதி மறுபடி தூங்குகிறது, வாயு மறைகிறது.

ஒரே அசிடைல்கோலின்தான்! ஓரிடத்தில் சுருக்குகிறது; மற்றோரிடத்தில் தளர்த்தும் வாயுவைப் பிறப்பிக்கிறது. இதில் வியப்பு என்ன? அந்தக் காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஒரே தப்புச் சத்தம்தான். அதைக் கேட்டு ஒருவர் பால்வெட்டுக் கத்தியை எடுத்தார். இன்னொருவர் சவளையும் மண்வெட்டியும் எடுத்தார். செய்தி ஒன்று, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது வேலை.

இந்த வேலையை அடக்கும் தூதுகளும் உண்டு. பயமோ பதற்றமோ வந்தால் நோர் அட்ரினலின் என்ற தூது வந்து, குடல் நரம்புகள் அசிடைல்கோலினைச் சுரக்க விடாமல் தடுக்கிறது. சண்டை நடக்கும் வீட்டில் சாப்பாடு செரிக்காது என்று பெரியவர்கள் சொன்னது வெறும் பேச்சல்ல. அதுபோலவே கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தால் மலச்சிக்கல் வருவதும் இதனால்தான். அது குடல் நரம்புகளின் தள்ளும் தூது, தளர்த்தும் தூது இரண்டையும் சேர்த்து அடக்கிவிடுகிறது.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு வார்த்தை

இதுவரை சொன்னது பாடம். இனி சொல்லப் போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

சில குழந்தைகள் பிறக்கும்போதே குடலின் கடைசிப் பகுதியில் இந்த நரம்புச் செல்கள் இல்லாமல் பிறக்கின்றன. கருவில் இச்செல்கள் தொண்டைப் பக்கத்திலிருந்து குடலின் வழியே கீழ்நோக்கி நடந்துவந்து, ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரத்துக்குள் ஆசனவாய் வரை போய்ச் சேர வேண்டும். சில சமயம் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. செல் இல்லாத இடத்தில் நைட்ரிக் ஆக்சைடு பிறப்பதில்லை. அந்தப் பகுதி எப்போதும் இறுகியே இருக்கும். லாரியின் பிரேக் விடுபடவே இல்லை! அதற்கு மேலே உள்ள நல்ல குடல் தள்ளித் தள்ளி வீங்குகிறது.

டென்மார்க்கின் குழந்தை மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886இல் இதை மருத்துவ உலகுக்கு எடுத்துக் கூறினார். அவர் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. பிறக்கும் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. ஆண் குழந்தைகளுக்கே அதிகம். வீங்கிய பகுதிதான் நோயுற்றது என்று பல காலம் மருத்துவர்களே தவறாக எண்ணினார்கள். 1940களின் பிற்பகுதியில் போஸ்டன் நகரில் ஸ்வென்சன் என்ற அறுவை மருத்துவர், பார்வைக்கு ஒழுங்காகத் தெரிகிற ஒடுங்கிய பகுதியே குற்றவாளி என்று கண்டு, அதை நீக்கி நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்தார். இன்றும் அந்த வழியில்தான் சிகிச்சை நடக்கிறது. உரிய நேரத்தில் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாக வளர்கின்றன.

எப்படித் தெரிந்துகொள்வது? நிறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறந்த 24 மணி நேரத்துக்குள் கருமையான முதல் மலத்தைக் கழித்துவிடும். 48 மணி நேரம் ஆகியும் கழிக்கவில்லையென்றால் ஏதோ இருக்கிறது என்று பொருள். வயிறு உப்பிக்கொண்டே போவது, பால் குடிக்க மறுப்பது, பச்சை நிறத்தில் வாந்தி எடுப்பது எல்லாம் அபாய அறிகுறிகள்.

இங்கேதான் நம் பாட்டிமார்களிடம் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தை இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை என்றால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்போம். இந்த நோயுள்ள குழந்தைக்கு அப்படி வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? அடைபட்டிருந்த மலமும் காற்றும் பீச்சியடித்து வெளியேறும்! வயிறு வற்றும், பிள்ளை தூங்கும். "பார்த்தாயா, காம்பு வைத்ததும் சரியாகிவிட்டது" என்று வீடே மகிழும். ஆனால் நோய் அப்படியே இருக்கிறது. இரண்டு நாளில் வயிறு மறுபடி உப்பும், மறுபடியும் காம்பு. இப்படியே வாரங்கள் போகும். காம்பு பலிக்காமல் போனால்கூட மருத்துவமனைக்கு ஓடியிருப்போம். பலித்ததே ஆபத்தாகிவிடுகிறது! நாள் கடந்தால் குடலில் அழற்சி உண்டாகிக் காய்ச்சலும் நாற்றமுள்ள வயிற்றுப்போக்கும் வந்து, பச்சைப் பிள்ளையின் உயிருக்கே உலை வைத்துவிடும்.

ஆகவே பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பின் மிஸ்ஸி பார்க்க வரும்போது, முதல் மலம் எப்போது போனது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காம்பு வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயப்படாதீர்கள். பச்சை வாந்தி என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். தஞ்சோங் காராங் மருத்துவமனையோ, கிள்ளானோ, எது அருகிலோ அங்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். 'வெளிச்சம் வரட்டும், விடியட்டும்' என்ற பேச்சே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வீணாகப் பயப்படக்கூடாது என்பதற்காக. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, ஒரு மாதம் கடந்த பிறகு, சில நாள் வெளிக்குப் போகாமல் இருப்பது இயல்பே. வயிறு மெத்தென்று இருந்து, பிள்ளை சிரித்து விளையாடினால் கவலை இல்லை. முதல் இரண்டு நாள் கணக்குத்தான் முக்கியம்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு

பெரியவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்பு நீர். நம் இந்தியர்களில் மட்டும் 100க்கு 31 பேர்! இது நாம் அனைவரும் வெட்கப்பட அல்ல, விழித்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடியே இருந்தால் கால் நரம்பு மரத்துப் போவதை அறிவீர்கள். அதே சேதம் இரைப்பை நரம்புகளுக்கும் வருகிறது. நைட்ரிக் ஆக்சைடு செய்யும் நரம்புகள் இதில் பெரிதும் அடிபடுகின்றன. நல்ல இரைப்பை, சாப்பாடு வந்ததும் விரிந்து இடம் கொடுக்கும். செரித்த உணவைக் கீழ்வாசல் திறந்து வெளியே விடும். வாயு பிறக்காவிட்டால் இரைப்பை விரியாது; வாசலும் சரியாகத் திறக்காது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிட்டது போலிருக்கும். மத்தியானம் தின்ற சோறு இரவில் வாந்தியாக வரும். இன்சுலின் ஊசி போட்டவருக்கு, சோறு இரைப்பையிலேயே தங்கிவிடுவதால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கமும் வரலாம்.

இவற்றை 'வாய்வு' என்று எண்ணி, ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துக் காலத்தைக் கடத்த வேண்டாம். கிளினிக்கில் மருத்துவரிடம் இந்த அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒரே வேளையில் தட்டு நிறையச் சாப்பிடுவதை விட்டு, சிறுகச் சிறுகப் பல வேளை சாப்பிடுங்கள். எண்ணெயையும் கொழுப்பையும் குறையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். இறந்த நரம்பைக் கடையில் வாங்க முடியாது. அர்ஜினின் மாத்திரை என்று யாராவது வீட்டு வாசலில் விற்க வந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். மாவு மூட்டை இருந்து என்ன பயன், ரொட்டி தட்டுகிறவர் இல்லாதபோது?

மருந்து தெளிப்பவர்களுக்கு

மலேசியாவில் முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்டது 1917இல், நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அன்று முதல் இன்று வரை தோட்டமும் மருந்தும் பிரியவில்லை. மலாத்தியான் போன்ற பூச்சிக்கொல்லிகள், வேலை முடிந்த அசிடைல்கோலினைத் துடைத்தெறியும் நொதியை முடக்கிவிடுகின்றன. தூது தேங்கித் தேங்கி, நிற்காத தப்புச் சத்தம் போலாகிவிடுகிறது. வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு, வாயில் எச்சில் ஊறுவது, வியர்வை, பார்வை மங்கல், தசைத் துடிப்பு, கடைசியில் மூச்சுத் திணறல். மருந்து தெளித்த அன்று இப்படி வந்தால், 'காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை' என்று படுத்துவிடாதீர்கள். துணியைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளித்து, மருந்து டப்பாவின் லேபலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். இதற்கு முறிவு மருந்து உண்டு. ஆனால் எந்த மருந்து பட்டது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

வாசகர்களே! நம்மில் பலர் தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். ஆனாலும் வெற்றிலைக் காம்பும் ஓமத் தண்ணீரும் நம்மோடு கூடவே வந்திருக்கின்றன. அவற்றில் நல்லதும் உண்டு. எப்போது போதாது என்று தெரிந்துகொள்வதே அறிவு.

அடுத்த முறை கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறும்போது, மரத்தில் மினுங்கும் அந்தச் சிறு விளக்குகளைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால், "அந்த விளக்கை ஏற்றுவதுதான் உன் வயிற்றிலும் வேலை செய்கிறது" என்று சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது பிரசவ நாள் நெருங்கியிருந்தால் அந்த 48 மணி நேரக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.